ஒயில் குடிக்கும் காரும் அளந்து பார்க்காத நாங்களும்

2023ஆம் ஆண்டு நல்லூர்த் திருவிழா முடிந்த மறுவாரம், கண் சத்திரசிகிச்சைக்காக அம்மாவை யாழ்ப்பாணத்திலிருந்து கொழும்புக்கு அழைத்து வந்துகொண்டிருந்தேன். அம்மாவுக்கு அப்போது எண்பத்து நான்கு வயது. முறிகண்டியில் வழக்கம்போல் இறங்கித் தேங்காய் உடைத்து, கடலை வாங்கிக்கொண்டு புறப்பட்டோம். மாங்குளத்தை அண்மித்த ஒரு வளைவில் காரின் முகப்பில் சிவப்பு விளக்கொன்று மின்னி அணைந்தது. அடுத்த வளைவில் மீண்டும் மின்னியது. எண்ணெய்க் குடுவையின் வாயிலிருந்து ஒரு துளி சொட்டுவதுபோன்ற படம் கொண்ட விளக்கு அது.

வீதியோரமாக நிறுத்தி டிப்ஸ்டிக்கை இழுத்துப் பார்த்தேன். கம்பியின் நுனியிலே ஈரம் இருந்ததே தவிர ஒயில் இல்லை. பின் ஆசனத்திலிருந்து அம்மா, "என்ன தம்பி, தண்ணி முடிஞ்சுதோ?" என்று கேட்டார். மாங்குளத்துக் கடையொன்றில் இரண்டு லீற்றர் வாங்கி ஊற்றினேன். நான்கு லீற்றருக்குச் சற்றுக் குறைவாகக் கொள்ளும் என்ஜின் அது. ஏறக்குறையப் பாதி ஒயிலுடன் நான் கிட்டத்தட்ட 100 கிலோமீற்றர் ஓடி வந்திருந்தேன்!

அந்தச் சிவப்பு விளக்கைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லிவிட வேண்டும். எம்மிற் பலர் அதை ஒயிலின் மட்டத்தைக் காட்டும் விளக்கென்று எண்ணியிருக்கிறோம். நானும் அப்படித்தான் முப்பது வருடம் எண்ணியிருந்தேன். அது மட்டத்தைக் காட்டுவதில்லை, அமுக்கத்தைக் காட்டுவது. வளைவிலே கார் திரும்பும்போது அடித்தட்டிலுள்ள ஒயில் ஒரு பக்கமாக ஒதுங்குகிறது. மட்டம் மிகக் குறைந்திருந்தால் பம்பின் உறிஞ்சுகுழாய் ஒயிலுக்குப் பதிலாகக் காற்றை இழுக்கிறது. அமுக்கம் விழுகிறது, விளக்கு எரிகிறது. ஆகவே, அது முன்னெச்சரிக்கையன்று. வீட்டுக்குள் வெள்ளம் வந்த பிறகு அடிக்கப்படும் மணி.

நான் உதவி ஆசிரியராகப் பத்திரிகைத் தொழிலுக்கு வந்த தொண்ணூறுகளின் தொடக்கத்தில் எங்கள் அலுவலக வானுக்கு ஒரு மூத்த சாரதி இருந்தார். அச்சுக்கூடத்தில் கழிக்கப்பட்ட தாளொன்றைக் கிழித்து ஒவ்வொரு நாள் காலையிலும் டிப்ஸ்டிக்கைத் துடைத்துப் பார்க்காமல் அவர் சாவியைத் திருப்பியதில்லை. நாங்கள் அவரைக் கேலி செய்வோம். பின்னர் வந்த கார்கள் அந்தப் பழக்கத்தை எங்களிடமிருந்து பறித்துவிட்டன. 5,000 கிலோமீற்றருக்கு ஒருமுறை சேர்விஸ் நிலையத்தில் விட்டு எடுப்பதோடு எமது கடமை முடிந்தது என்று நினைத்துக்கொண்டோம்.

கொழும்புக்கு வந்ததும், பெயர் பெற்ற ஒரு கராஜுக்குக் காரைக் கொண்டுபோனேன். 2004இல் ஜப்பானில் செய்யப்பட்டு, என் கைக்கு 2011இல் வந்த 1,500 சிசி பெற்றோல் கார். 1 இலட்சத்து 98 ஆயிரம் கிலோமீற்றர் ஓடியிருந்தது. பொறுப்பாளர் எஞ்சினை இயக்கி, எக்ஸிலரேற்றரை இரண்டு தடவை அமுக்கி, புகைக்குழாயின் வாயிலே விரலை விட்டுத் துடைத்துப் பார்த்தார். விரலிலே கரி இருந்தது. "ரிங்ஸ் போய்விட்டது. என்ஜின் செய்ய வேண்டும்" என்றார். மொத்தம் 4 இலட்சத்து 80 ஆயிரம் ரூபா. பாகங்களின் விலை ஏறினால் அதற்கேற்பக் கூடும். பரிசோதனை முழுவதற்கும் எடுத்த நேரம் ஐந்து நிமிடம்.

அந்த ஐந்து நிமிடத்தைப் பற்றியே இக்கட்டுரை.

அந்நாட்களில் எமது நாட்டின் நிலைமை வாசகர்களுக்கு நினைவிருக்கும். 2020 மார்ச்சில் நிறுத்தப்பட்ட வாகன இறக்குமதி அப்போதும் நிறுத்தப்பட்டே இருந்தது. பத்து வருடத்துக்கு முன் வாங்கிய காரை வாங்கிய விலையிலும் பன்மடங்குக்கு விற்கலாம். ஆனால் விற்றால் வேறொன்று வாங்க முடியாது. இருப்பதைக் காப்பாற்றுவதைத் தவிர வேறு வழியில்லை. இந்த நெருக்கடி கராஜ்காரர்களுக்கும் தெரியும். நான் முற்பணம் கொடுப்பதற்கு மறுநாள் வருவதாகச் சொல்லிவிட்டு வந்தேன். வீட்டிலே மனைவி ஒரே ஒரு கேள்வி கேட்டாள்: "அவர் எதை வைத்துச் சொன்னார்?"

நான் பதிலின்றி நின்றேன். செய்தியொன்றை ஒருவர் கொண்டுவந்தால், "இதற்கு ஆதாரம் என்ன?" என்று இளம் நிருபர்களைக் குடைந்தெடுப்பவன் நான். உயர்தரத்தில் அளவையியல் படித்து, பல்கலைக்கழகத்தில் மெய்யியலைச் சிறப்புப் பாடமாக எடுத்தவன். கரி படிந்த ஒரு விரலை ஆதாரமாக ஏற்றுக்கொண்டு ஐந்து இலட்சம் கொடுக்க ஆயத்தமாகியிருந்தேன்.

மைத்துனர் ஒருவரின் மூலம் வத்தளைப் பக்கத்திலுள்ள ஒரு வயோதிபரிடம் போனேன். பெயர்ப்பலகையில்லாத, இரண்டு கார் மட்டுமே நிற்கக்கூடிய கொட்டகை. சிங்களவர், எல்லாரும் பாஸ் என்றே அழைத்தார்கள். நான் என்ஜின் செய்ய வேண்டியதைப் பற்றி விளக்கிக்கொண்டிருக்கையில் அவர் இடைமறித்துக் கேட்டார்: "மாத்தையா, எத்தனை கிலோமீற்றருக்கு எத்தனை லீற்றர் குறைகிறது?"

தெரியாது என்றேன்.

"அப்படியானால் தெரிந்துகொண்டு வாருங்கள்."

அவர் சொன்ன முறை இதுதான். ஒரே இடத்தில், சமதரையில் காரை நிறுத்த வேண்டும். என்ஜின் சூடேறிய பின் நிறுத்திப் பத்து நிமிடம் காத்திருக்க வேண்டும். கம்பியைத் துடைத்து, மீண்டும் செருகி எடுத்துப் பார்க்க வேண்டும். மேற்கோடு வரை நிரப்பி, ஓடிய தூரத்தைக் குறித்துக்கொள்ள வேண்டும். மேற்கோட்டைத் தாண்டி ஒரு விரற்கடைகூட ஊற்றக் கூடாது. கூடுதலாக ஊற்றிய ஒயிலை என்ஜின் தானே எரித்துத் தீர்க்கும், கணக்கும் பிழைத்துவிடும். 1,000 கிலோமீற்றர் ஓடியதும், அளவு குறித்த போத்தலால் மீண்டும் அதே கோட்டுக்கு நிரப்பி, எத்தனை மில்லிலீற்றர் போனதென்று எழுத வேண்டும். அத்துடன் இரவிலே என்ஜினுக்குக் கீழ் ஒரு கார்ட்போட் மட்டையை விரித்துவைக்க வேண்டும்.

மூன்று வாரம் சென்றது. 1,000 கிலோமீற்றருக்கு 1,100 மில்லிலீற்றர். மட்டையிலே உள்ளங்கை அகலத்தில் ஒரு கறை.

ஒயில் ஓர் என்ஜினை விட்டுப் போவதற்கு இரண்டு வழிகளே உண்டு: வெளியே ஒழுகலாம், அல்லது உள்ளே எரியலாம். (கஸ்கட் பழுதடைந்து ரேடியேற்றர் நீருடன் கலப்பதும் உண்டு. அப்போது நீரில் எண்ணெய்ப் படலம் மிதக்கும். என் காரில் அது இல்லை.) உள்ளே எரிவதற்கு வழி பல. பிஸ்டனைச் சுற்றியுள்ள ரிங்குகள் தேய்ந்தோ கரியில் இறுகியோ போகலாம். வால்வுகளின் தண்டைக் கவ்வியிருக்கும் சிறிய இறப்பர் சீல்கள் வெப்பத்தில் காய்ந்து கெட்டியாகலாம். அல்லது பிசிவி வால்வ் என்ற, தீப்பெட்டி அளவுகூட இல்லாத ஒரு சிறு பாகம் அடைபட்டிருக்கலாம். என்ஜினின் அடிப்பகுதியில் சேரும் வாயுக்களை மீண்டும் உள்ளிழுத்து எரிக்கச் செய்வது அதன் வேலை. அடைபட்டால் உள்ளே அமுக்கம் கூடி, ஒயிலை எல்லாத் துவாரங்களாலும் தள்ளும். திறந்தபடி சிக்கிக்கொண்டால் ஒயில் ஆவியையும் சேர்த்து உறிஞ்சும். கழற்றிக் குலுக்கினால் கலகலவென்று சத்தம் வர வேண்டும். என் காரின் வால்வை பாஸ் என் காதருகே கொண்டுவந்து குலுக்கினார். ஊமையாக இருந்தது.

ஆயினும் அவர் அதை அன்று மாற்றவில்லை. முதலில் டெப்பட் கவர் கஸ்கட்டை மட்டும் மாற்றினார். அதனூடாகவே மட்டையில் கறை விழுந்திருந்தது. "எல்லாவற்றையும் ஒரே நாளில் மாற்றினால் எது குற்றவாளி என்று உங்களுக்கும் தெரியாது, எனக்கும் தெரியாது" என்றார். காரணங்கள் பல இருக்குமிடத்தில் ஏனையவற்றை மாறாது வைத்து ஒன்றை மட்டும் மாற்றிப் பார் என்று மில் என்ற ஆங்கிலேயத் தத்துவஞானியின் பெயரால் நாங்கள் பரீட்சைக்கு மனனம் செய்த பாடம் அது. வத்தளைக் கொட்டகையில் மில்லின் பெயரைக் கேள்விப்பட்டிராத ஒருவர் அதைக் கடைப்பிடித்துக்கொண்டிருந்தார்.

கஸ்கட் மாற்றியபின் 1,000 கிலோமீற்றருக்கு 950 மில்லிலீற்றர். கண்ணுக்குத் தெரிந்த கசிவு சிறிய குற்றவாளியே. பிசிவி வால்வை மாற்றியபின் 600. பஞ்சிகாவத்தையில் அந்த வால்வுக்கு நான் கொடுத்தது, அன்றைக்கு ஒரு குடும்பம் சாதாரண உணவகமொன்றில் மதியச் சாப்பாடு சாப்பிடும் செலவு.

600 என்பது இன்னும் அதிகந்தான். இப்போது ரிங்குகளா, வால்வ் சீல்களா என்ற வழக்கு. பாஸ் நான்கு ஸ்பார்க் பிளக்குகளையும் கழற்றி வரிசையாக வைத்தார். மூன்றாவதன் நுனி ஒயிலில் நனைந்திருந்தது. பின் கொம்பிரஷன் அளந்தார். நான்கு சிலிண்டரிலும் சதுர அங்குலத்துக்கு 168 முதல் 172 இறாத்தல் வரை. ஒன்றுக்கொன்று பெரிய வித்தியாசமில்லை. முதலாவது கராஜ் இந்த அளவீட்டைச் செய்திருந்தால் "ரிங்ஸ் போய்விட்டது" என்று அவ்வளவு இலகுவாகச் சொல்லியிருக்க முடியாது. நான் மகிழ்ச்சியடைந்தேன். பாஸ் தலையசைத்தார். கொம்பிரஷன் நன்றாக இருப்பது மேலுள்ள இரண்டு ரிங்குகளுக்கு மட்டுமே நற்சான்று. சிலிண்டர்ச் சுவரிலிருந்து ஒயிலை வழித்தெடுக்கும் மூன்றாவது ரிங், கரியில் இறுகிக் கிடந்தாலும் கொம்பிரஷன் குறையாது. ஆகவே ஒரு பரிசோதனையால் மட்டும் எவரையும் விடுதலை செய்ய முடியாது.

புகையைப் பார்க்க வேண்டும் என்றார். கறுப்புப் புகை என்றால் பெற்றோல் அதிகம், வெள்ளைப் புகை விடாமல் வந்தால் நீர், நீலமென்றால் ஒயில். அந்த நீலம் எப்போது வருகிறது என்பதுதான் கேள்வி. அழுத்தி ஏற்றத்தில் ஏறும்போதெல்லாம் தொடர்ந்து வந்தால் ரிங்குகளைச் சந்தேகிக்க வேண்டும். இரவு முழுவதும் நின்ற காரைக் காலையில் இயக்கும்போது ஒரு கொத்துப் புகை வந்து மறைந்தால், இரவிலே வால்வுத் தண்டு வழியாகச் சொட்டிய ஒயில் அது. இன்னுமொன்று, நீண்ட சரிவில் எக்ஸிலரேற்றரிலிருந்து காலை எடுத்து, தாழ்ந்த கியரில் இறங்கும்போது என்ஜினுக்குள் உறிஞ்சுசக்தி கூடுகிறது. சீல்கள் கெட்டிருந்தால் ஒயில் உள்ளே இழுபடுகிறது. சரிவு முடிந்து மீண்டும் அமுக்கியதும் நீலப்புகை வெளியேறுகிறது.

ஒரு ஞாயிற்றுக்கிழமை காரைக் கடுகண்ணாவைக்கு ஓட்டிச்சென்று, மேலிருந்து மாவனெல்லைப் பக்கமாக இறங்கினேன். மைத்துனர் மோட்டார் சைக்கிளில் பின்னால் வந்தார். கீழே தேநீர்க் கடையில் நிறுத்தியபோது அவருடைய முகபாவமே போதுமானதாயிருந்தது. "மச்சான், கோயிலுக்குச் சாம்பிராணி போட்ட மாதிரி!" என்றார். ஏற்றத்தில் ஏறும்போதோ ஒன்றுமில்லை.

இதே கார் அந்த ஆண்டும் புகைப் பரிசோதனையில் தேறி, சான்றிதழ் பெற்றிருந்தது என்பதையும் குறிப்பிட வேண்டும். பரிசோதனைக்குச் சூடேறிய எஞ்சினுடன் போகிறோம். காலையில் முதல் நிமிடத்தில் வரும் நீலப்புகையை அங்கு யாரும் காண்பதில்லை.

வால்வ் சீல்களை மாற்ற சிலிண்டர் ஹெட்டைக் கழற்ற வேண்டுமென்றே நான் நினைத்திருந்தேன். வேண்டியதில்லை. ஸ்பார்க் பிளக்கின் துவாரத்தால் அமுக்கக் காற்றைச் செலுத்தி, வால்வ் கீழே விழாமல் தாங்கிக்கொண்டு மேலிருந்தே ஸ்பிரிங்கைக் கழற்றி சீலை மாற்றலாம். பதினாறு சீல்கள். ஒன்றரை நாள் வேலை. கழற்றிய பழைய சீல்களை என் கையில் தந்தார். இறப்பர் என்று சொல்ல முடியாது, நகத்தால் கீறினால் பிளாஸ்டிக் போல் உடைந்தன. அதன்பின் 1,000 கிலோமீற்றருக்கு 250 மில்லிலீற்றர். எல்லாச் செலவும் சேர்த்து 67 ஆயிரம் ரூபா. என்ஜின் பிரிக்கப்படவில்லை.

மீதி 250 எங்கே போகிறது என்று கேட்டேன். "அது ரிங்" என்றார் பாஸ். "அதற்கு நீங்கள் காரணம்."

உண்மைதான். 2022இல் ரூபாவின் பெறுமதி சரிந்து எல்லாவற்றுடனும் ஒயிலின் விலையும் ஏறியபோது, 5,000 கிலோமீற்றரில் மாற்ற வேண்டிய ஒயிலை நான் 12,000 வரை ஓட்டினேன். ஒருமுறையல்ல, இரண்டுமுறை. பழைய ஒயில் கரியாகி, மூன்றாவது ரிங்கின் பள்ளத்திலும் பிஸ்டனில் ஒயில் திரும்பி வடியும் சிறு துவாரங்களிலும் படிகிறது. அன்று நான் மிச்சம்பிடித்த பணம் பிறகு வட்டியோடு போனது. பிளக் துவாரத்தால் கரைப்பானை ஊற்றி இரவு முழுவதும் ஊறவிட்டு ரிங்குகளை இளக்கும் முறை உண்டு. சில வேளை பலிக்கும். ஊற்றியதை முழுமையாக வெளியேற்றாமல் என்ஜினை இயக்கினால், திரவத்தை அமுக்க முடியாமல் கொனெக்டிங் றொட் வளைந்துவிடும் என்றும், பிறகு ஒயிலையும் மாற்ற வேண்டுமென்றும் சொன்னார். 250க்கு அது தேவையில்லை என்று இருவரும் முடிவு செய்தோம்.

இது எங்கள் ஊர் மெக்கானிக்குகளின் குறை மட்டுமே என்று புலம்பெயர்ந்து வாழும் நண்பர்கள் எண்ண வேண்டாம். அமெரிக்காவில் ரொயோட்டா நிறுவனத்தின் 2.4 லீற்றர் நான்கு சிலிண்டர் என்ஜின் கொண்ட 2007-2009 காலத்துக் கம்ரி கார்கள் ஒயில் குடிப்பதாக முறைப்பாடுகள் குவிந்தன. 2011இல் அந்நிறுவனம் முகவர்களுக்கு அனுப்பிய அறிவுறுத்தல் அளப்பதிலிருந்தே தொடங்கியது: மேற்கோட்டுக்கு நிரப்பு, 1,200 மைல் ஓட விடு, மீண்டும் அள. அந்தத் தூரத்தில் ஒரு குவாட்டு, அதாவது ஒரு லீற்றருக்குச் சற்றுக் குறைவான அளவு, அல்லது அதற்கு மேல் போயிருந்தால் மட்டுமே பிஸ்டன்களும் ரிங்குகளும் மாற்றப்பட்டன. பின்னர் உத்தரவாதக் காலமும் நீட்டப்பட்டது. அந்த எல்லை நியாயமானதா என்பது வேறு விவாதம். 1,000 கிலோமீற்றருக்கு ஒரு லீற்றர்வரை வழமையானதே என்று கைநூலில் எழுதிவைக்கும் நிறுவனங்களும் இருக்கின்றன. அது தம்மைக் காப்பதற்காகப் போட்ட வேலியென்றே நான் நினைக்கிறேன். ஆரோக்கியமான என்ஜின் அவ்வளவு குடிப்பதில்லை. ஆனாலும் அளவு ஒன்று மேசையில் இருந்தபடியால்தான் வாடிக்கையாளரும் நிறுவனமும் ஒரே விடயத்தைப் பற்றிப் பேச முடிந்தது.

முதலாவது கராஜ்காரரை நான் மோசடிக்காரரென்று சொல்லமாட்டேன். யோசித்துப் பார்த்தால் அவருடைய நிலையும் விளங்குகிறது. அளப்பதற்கு ஒரு மாதம் செல்லும். அதற்கு யாரும் அவருக்குப் பணம் கொடுப்பதில்லை. வைத்தியரைச் சனல் பண்ணி, மருந்து எழுதாமல் "ஒன்றுமில்லை, போங்கள்" என்று சொன்னாலும் கட்டணத்தைக் கொடுத்துவிட்டு நிம்மதியாக வருகிறோம். ஆனால் மெக்கானிக் ஒருவர் இரண்டு மணித்தியாலம் பரிசோதித்து, "பெரிதாக ஒன்றும் மாற்றத் தேவையில்லை" என்று சொல்லி 5,000 ரூபா கேட்டால் கொள்ளைக்காரன் என்கிறோம். பாகத்துக்கே பணம், அறிவுக்கு இல்லை என்று நாங்கள் பழக்கிவைத்த தொழில், பாகங்களை விற்றுப் பிழைக்கக் கற்றுக்கொண்டுவிட்டது. வத்தளைப் பாஸ் அளவுக்கும் ஆலோசனைக்கும் என்னிடம் எதுவும் கேட்கவில்லை. நான் வற்புறுத்திக் கொடுத்தபோது அவர் கூச்சப்பட்டார். அவருடைய கொட்டகையில் இரண்டு கார் மட்டும் நிற்பதற்கும், மற்றவரின் கராஜில் இருபது நிற்பதற்கும் இது ஒரு காரணமாக இருக்கலாம்.

என்ஜின் செய்யவே கூடாது என்று நான் வாதிடவில்லை. கொம்பிரஷன் விழுந்து, ஒரு கரண்டி ஒயிலை சிலிண்டருக்குள் விட்டு அளக்கையில் அது ஏறினால் ரிங்குகளின் தேய்மானம் உறுதி. அடியிலிருந்து தட்டும் சத்தமும் சேர்ந்துவிட்டால் பிரிப்பதைத் தவிர வேறு வழியில்லை. அப்போது செலவழிக்கும் ஐந்து இலட்சம் வீணன்று.

2025 பெப்ரவரியில் தனியார் வாகன இறக்குமதி மீண்டும் அனுமதிக்கப்பட்டது. வரிகளோடு வந்த விலைகளைப் பார்த்தபின், பழைய கார்களைத் தேடுவோர் தொகை குறையவில்லை. அம்மாவும் அதற்குள் போய்விட்டார்; யாழ்ப்பாணத்துக்கு மாதாமாதம் ஓடும் தேவை எனக்கு இல்லாமற் போயிற்று. விற்கலாமென்று ஒரு தரகரிடம் சொன்னேன். ஒயில் விடயத்தை மறைக்காமல் கூறினேன். அவர் சிரித்தார். "5டபிள்யூ30 ஐ இறக்கிவிட்டு 20டபிள்யூ50 ஊற்றுங்கள். ஒரு டின் தடிப்பு மருந்தும் விடுங்கள். மூன்று மாதத்துக்கு ஒரு சொட்டும் குறையாது. அதற்குப் பிறகு அவன் பாடு" என்றார். தடித்த ஒயில் இடுக்குகளால் மெதுவாகவே நழுவும் என்பது உண்மை. ஆனால், மெல்லிய ஒயிலின் அமுக்கத்தால் வால்வுகளின் நேரத்தைச் சரிசெய்யும் இக்கால என்ஜின்களின் நுண்ணிய வழிகளில், குளிர்ந்த காலை வேளையில் அது உரிய நேரத்துக்குப் போய்ச் சேராது. சந்தையில் நிற்கும் பழைய கார்களில் எத்தனை இந்த மருந்தைக் குடித்திருக்கின்றனவோ! வாங்கப்போகும் வாசகர்கள், காலையில் குளிர்ந்திருக்கும் என்ஜினைத் தாங்களே இயக்கிப் பார்க்கவேண்டுமென்று வற்புறுத்துங்கள். நீங்கள் போவதற்கு முன்பே சூடேற்றி வைத்திருந்தால், இன்னொரு நாள் வருவதாகச் சொல்லிவிட்டுத் திரும்பிவிடுங்கள்.

எங்கள் ஆசிரியபீடத்தில் முன்னர் பணியாற்றிய இளைஞர் ஒருவர் காரைக் கேட்டார். குறிப்புப் புத்தகத்தை முதலில் கொடுத்து, வாசித்துவிட்டு விலை சொல்லுங்கள் என்றேன். தரகர் பெற்றுத்தருவதாகச் சொன்னதிலும் இரண்டு இலட்சம் குறைவாகவே கேட்டார், கொடுத்தேன். மனைவிக்கு அந்த இரண்டு இலட்சத்தைப் பற்றி இன்னும் மனத்தாங்கல் உண்டு. அவளைக் குறை சொல்ல முடியாது, எங்கள் ஓய்வூதியத்தில் அது சிறிய தொகையல்ல.

போன மாதம் அந்தத் தம்பி தொலைபேசியில் அழைத்தார். புத்தகத்தில் இன்னும் எழுதி வருகிறாராம். "அண்ணை, இந்த ஆயிரத்துக்கு 270" என்றார். ஏற்றத்தில் புகை வருகிறதா என்று கேட்டேன். அதைப் பார்க்கப் பின்னால் வர ஒரு ஆள் தேடுவதாகச் சொன்னார்.